எல்லாரும் ஏறியாச்சா?

மாப்ள,

இன்று கிறிஸ்துமஸ். காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். கோயிலில் நான் அடித்த கூத்தை உன்னிடம் சொல்லாவிட்டால் இன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

உலகச் சண்டை நின்ற பிறகு காளவாசல் பக்கம் மறுபடியும் வெடி கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. பிள்ளைகளைக் கேட்க வேண்டுமா? ஆராதனை முடியும்வரை எந்தப் பயல் பொறுப்பான்? உள்ளே போதகர் கடைசி ஜெபம் செய்துகொண்டிருக்கிறார், வெளியே வாசலில் ஓலைவெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டார்கள். படபடவென்று வெடித்து, அந்தப் புகை சன்னல் வழியாக உள்ளே வந்தது. கருமருந்து வாசனை! அது என் மூக்கில் ஏறிய அதே நேரத்தில் போதகர் ஜெபத்தை முடித்தார். சபை முழுவதும் ஆமென் சொல்ல வாயைத் திறக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை மூடியபடியே, அடித் தொண்டையிலிருந்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று ஒரு சத்தம் போட்டேன்.

மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்து, "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை, இது எங்கள் ஊர் வழக்கம் என்றேன். எந்த ஊர், என்ன வழக்கம் என்று அவர் விடவில்லை. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற கதையா அது? சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வழியெல்லாம் சிரிப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணெல்லாம் நனைந்திருக்கிறது.

உனக்கு நடந்ததை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் மாப்ள, அன்றைக்கு நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். பாதியை நீ பார்க்கவே இல்லை. பிறகு நாங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதைக் கேட்டாயே தவிர, முறையாக யாரும் உனக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

போர்டிங் பள்ளிச் சுவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சித்திரை மாதம், அழகர் வைகையில் இறங்குகிற நாள். ஊரே ஆற்றை நோக்கி ஓடுகிறது, கொட்டுச் சத்தம் நம் படுக்கை அறை வரைக்கும் கேட்கிறது, நம் போர்டிங் வாசலில் மட்டும் பூட்டு. கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்றார் வார்டன். கூட்டம் பார்க்கிற வேலைதான், வேறென்ன! நான் பின்பக்கச் சுவரில் பல்லி மாதிரி ஏறிவிட்டேன். நீ கீழே நிற்கிறாய். குட்டையும் குண்டுமாக இருந்த உனக்கு ஒரு நாற்காலி மேல் ஏறுவதென்றாலே யோசனை. நான் மேலிருந்து, "ஏறியாச்சா மாப்ள? ஏறியாச்சா?" என்று நச்சரிக்கிறேன். "மொதல்ல கையக் குடுடா" என்று நீ கத்துகிறாய். கையைக் கொடுத்து இழுத்து, எப்படியோ உன்னைச் சுவர் மேல் உட்கார வைத்துவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் குதிக்கச் சொன்னால் குதிக்க மாட்டேன் என்கிறாய்! நீ வராமல் எனக்கும் போக மனமில்லை. வார்டன் வந்து பார்த்தபோது இருவரும் சுவர் மேல் உட்கார்ந்திருந்தோம். என்னடா செய்கிறாய் என்று உன்னைத்தான் கேட்டார். நீ பொய் சொல்லவில்லை. "ஏறத் தெரிஞ்சிச்சு ஐயா, எறங்கத்தான் தெரியல" என்றாய். அடிக்கக் கை ஓங்கியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். ஆனாலும் முட்டி போட வைத்தார்.

அதற்குப் பிறகு நம் இருவருக்கும் அதுவே பேச்சாகிவிட்டது. பரீட்சை எழுதி வெளியே வந்தால் "ஏறியாச்சா?" உனக்குக் கல்யாணம் ஆன அன்று மாலையும் கழுத்துமாக நின்றவனைப் பார்த்து நான் கேட்டதும் அதுதான். உன் பெண்டாட்டி, அன்றிலிருந்து எனக்குத் தங்கச்சி, இந்த மனுஷன் என்ன கேட்கிறார் என்று விழித்தாள்.

நீ சபைக்கு வேதம் சொல்லும் உபதேசியாராகி உசிலம்பட்டிக்கு மேற்கே அந்த வானம் பார்த்த பூமிக்குப் போனாய். நான் ரோட்டுக் காண்ட்ராக்டரிடம் வேட்டு மேஸ்திரி ஆனேன். பாறையில் குழி அடித்து, மருந்து திணித்து, திரி வைத்து உடைக்கிற வேலை. "நீ பாறைய ஒட, நான் மனச ஒடக்கிறேன்" என்று கேலி செய்வாய். உன் வேலையில்தான் சத்தம் அதிகம் என்று நான் சொல்வேன்.

பிறகு என் வீட்டில் அது நடந்தது. பிரசவத்தில் என் பெண்டாட்டி போனாள், பிள்ளையும் தங்கவில்லை. அடக்கத்தின்போது குழி முன்னால் ஜெபம் முடிந்து எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்றுதானே அர்த்தம்? ஆகக் கூடாதது ஆகியிருக்கிறது, நான் எதற்கு ஆகட்டும் என்று சொல்ல வேண்டும்? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அதன் பிறகு கோயில் பக்கமே போகவில்லை. வந்து வந்து வசனம் சொன்னவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பினேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அடித்தே அனுப்பியிருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு மத்தியானம் நீ வந்தாய். பஸ்ஸில் வந்த புழுதி தலையிலும் புருவத்திலும் அப்படியே இருந்தது. நானும் சண்டைக்குத் தயாராகத்தான் எழுந்து உட்கார்ந்தேன். நீ ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டாய். ஒரு செம்பைக் குடித்தாய், இன்னொரு செம்பும் குடித்தாய், கீழே சிந்திய துளியைக் கையால் துடைத்து முகத்தில் தடவிக்கொண்டாய். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்னடா, உங்க ஊர்ல தண்ணி இல்லையா?" என்றேன்.

"இல்ல மாப்ள. ஒரு பாறை இருக்கு. ஒடைக்கணும். வாரியா?"

அவ்வளவுதான் கேட்டாய். வேறு என்ன கேட்டிருந்தாலும் வரமாட்டேன் என்றிருப்பேன்.

உன் தெருவை அப்போதுதான் முதலில் பார்த்தேன். எல்லாரும் புதிதாக முழுக்கு எடுத்துக் கிறிஸ்தவர்கள் ஆனவர்கள். பரம்பரையாகப் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள். ஊர்க் கிணற்றில் அந்தத் தெருப் பெண்கள் கயிறு இறக்கக் கூடாது. குடத்தை வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும், யாராவது இரங்கி ஊற்றினால் உண்டு. மழை பொய்த்து அடுத்தடுத்து வெள்ளாமை இல்லாமல் போனதில் ஊற்றுகிறவர்களுக்கே தண்ணீர் எட்டவில்லை. பெண்கள் காலையில் போய் நின்றால் வெயில் தலைக்கு வந்த பிறகு காலிக் குடத்தோடு திரும்பினார்கள். தெருவுக்குப் பின்னால் கிடந்த கரட்டு மண்ணில் நீயும் அவர்களும் சேர்ந்து சொந்தமாகக் கிணறு வெட்ட இறங்கியிருந்தீர்கள். நாலைந்து ஆள் ஆழம் போனதும் பாறை குறுக்கே படுத்துவிட்டது.

அதோடு கங்காணி வேறு வந்திருந்தான். மலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி. கெட்டவன் இல்லை, பேச்சுக்காரன். "அங்கிட்டு வாய்க்கால்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், அள்ளி அள்ளிக் குளிக்கலாம்" என்று அவன் சொல்கிறபோது பெண்கள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு கேட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் தெருவோடு கிளம்பிவிடுவது என்று முக்கால்வாசிப் பேர் முடிவு செய்துவிட்டார்கள். போனால் ஒரே தோட்டத்துக்கா போவார்கள்? ஆளுக்கொரு மலை. தெருவும் போச்சு, நீ பாடுபட்டுச் சேர்த்த சபையும் போச்சு. தண்ணீர் வந்தால் இருப்பார்கள், வராவிட்டால் போவார்கள். விஷயம் அவ்வளவுதான்.

அப்போது நீ என்ன செய்தாய்? எழுந்து நின்று, "உயிர்த்தெழுந்த ஞாயித்துக்குள்ள ஆண்டவர் தண்ணி குடுப்பாரு" என்று சொல்லிவிட்டாய்! எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! தேதி எல்லாம் எதற்குச் சொல்கிறாய் என்று உன்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினேன். "வாய் தவறிருச்சு மாப்ள, ஆனா வரும்" என்றாய்.

வேலை செய்தோம். அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. வயிற்றுக்குக் கேப்பைக் கூழ், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற அளவு மட்டும். லெந்து நாட்களில் உபவாசம் இருங்கள் என்று நீ யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் குழி அடிப்பார்கள், நான் வேட்டு வைப்பேன், பெண்கள் கல்லை அள்ளிக் கூடையில் போடுவார்கள், கப்பியில் வடத்தைப் போட்டு மேலே இழுப்போம். ஒவ்வொரு வேட்டுக்கு முன்னாலும் நீ மேலே நின்று ஜெபம் செய்வாய். எல்லாரும் ஆமென் சொல்வார்கள், நான் மட்டும் சொல்ல மாட்டேன். அதை நீ கவனித்தாய். ஒருநாள் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் மண்ணால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னாய்: "நீ சொல்ல வேண்டாம் மாப்ள. நீ வேட்டை வை. அது போதும்." போடா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

ஈஸ்டர் வந்தது. தண்ணீர் வரவில்லை.

அந்தக் காலை ஆராதனையை நான் மறக்கவே மாட்டேன். உன் ஓலைக் கூரைக் கோயிலில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் வாசல் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறேன். வெளியே வேலமரத்தடியில் கங்காணி பீடி குடித்துக்கொண்டிருக்கிறான். எல்லார் கண்ணும் உன் மேல். ஏதாவது சப்பைக்கட்டு கட்டுவாய், இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று பழியை அவர்கள் தலையில் போடுவாய் என்று நினைத்தேன். அப்படிச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீ புத்தகத்தைக் கூடத் திறக்கவில்லை.

"தண்ணி வரல" என்றாய். "ஆண்டவர் தேதி சொல்லல, நாந்தேன் சொன்னேன். தப்பு என்னுது. ஆனா ஒண்ணு. ஆண்டவரோட கல்லறைய மூடுன கல்லு பெரிசுன்னு அழுதுக்கிட்டேதான் அந்தப் பொம்பளைங்க விடியக்காலம் கிளம்பிப் போனாக. கல்லு பெரிசுன்னு வீட்லயே உக்காந்திருக்கல. நாளைக்கு நான் கிணத்துக்குப் போறேன். வாரவுக வாங்க, மலைக்குப் போறவுக சந்தோசமாப் போங்க. அங்கயும் அவர் இருக்காரு."

மாப்ள, நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் திரும்பி வந்தது தண்ணீர் வந்ததால் அல்ல. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நீயும் நினைத்திருப்பாய். நான் திரும்பி வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான், வறண்ட கிணற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நீ அப்படி நின்றாயே, அப்போது. கேட்டது கிடைக்காமலும் ஒருவன் நம்பலாம் என்று எனக்குக் காட்டியது நீதான். என் பெண்டாட்டியின் குழி முன்னால் நின்று எனக்கு யாரும் காட்டாத ஒன்று அது.

வெளியே வந்ததும் நேராகக் கங்காணியிடம் போனாய். "இன்னும் ஒரு வேட்டு பாக்கி இருக்கு. அதைப் பார்த்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றாய். அவனும் வேடிக்கை பார்க்கிற ஆசையில் சரி என்றான்.

மறுநாள். இதுதான் நீ பார்க்காத பாகம், கவனமாகக் கேள்.

பாறையில் ஓர் இடத்தில் ஒரு மயிர்க்கோடு வெடிப்பு இருந்தது. அதைச் சுற்றி ஆழமாகக் குழி அடித்து, மிச்சமிருந்த மருந்து முழுவதையும் திணித்தேன். திரியைத் தாராளமாக விட்டேன். நெருப்பு வைக்கிறவன் பதறாமல் மேலே ஏறி வந்து வெற்றிலை மடிக்கலாம், அவ்வளவு நீளம். எல்லாம் தயார். அப்போது பார்த்து நீ, "நான் கீழ எறங்கி நின்னு ஜெபம் பண்றேன்" என்றாய்.

"எதுக்குடா? மேல நின்னா அவருக்குக் கேக்காதா?"

"அவருக்குக் கேக்குது. பாறைக்குத்தான் கேக்கல போல" என்றாய். உன் முகத்தைப் பார்த்தால் கேலியா நிஜமா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தோம். அதுவும் உன் யோசனைதான். ஜெபம் கீழே, ஆமென் மேலே. கீழே நின்று ஜெபம் செய்துவிட்டு நீ கூடையில் ஏறி மேலே வந்துவிட வேண்டியது. மேலே வந்து தெருவே சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டியது. அந்தச் சத்தம் கேட்டதும் ஏசாயா நெருப்பு வைத்துவிட்டு வடத்தைப் பிடித்து ஏறி வர வேண்டியது.

ஏசாயாவை உனக்குச் சொல்ல வேண்டுமா? ஆள் ஆனை மாதிரி, மனசு பச்சைப் பிள்ளை. முழுக்கு எடுத்த நாளிலிருந்து நீ சொன்ன எதையும் அரைகுறையாகச் செய்யாதவன். "மேல இருந்து ஆமென் கேட்டா நெருப்பு. வச்சதும் ஏறி வந்துரு. என்ன?" என்று அவனிடம் திருப்பித் திருப்பிச் சொன்னேன். "மேல ஆமென், கீழ நெருப்பு. சரிண்ணே" என்றான்.

இறங்கினீர்கள். மேலே தெருவே சுற்றி நிற்கிறது. ஊர்க்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்கத் தள்ளி நிற்கிறார்கள். கங்காணி என் பக்கத்தில். நீ ஜெபத்தை ஆரம்பித்தாய். உன் ஜெபம் ஊர் அறிந்தது மாப்ள, நீ ஆரம்பிக்கும்போது உலை வைத்தால் முடிக்கும்போது சோறு வடித்துவிடலாம். ஆனால் அன்றைக்கு நீ ஜெபித்தது வேறு மாதிரி. குடம் தூக்கி நின்ற ஒவ்வொரு பெண் பெயரையும் சொன்னாய். கிணற்றுக்குள்ளிருந்து உன் குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி மேலே வருகிறது. கடைசியில் என் பெயர் வந்தது. என் பெண்டாட்டி பெயர் வந்தது. பெயரே வைக்காத என் பிள்ளையையும் நீ விடவில்லை.

மார்த்தாள், அதுதான் ஏசாயா பெண்டாட்டி, ஊர்க் கிணற்றடியில் எல்லாரையும் விட அதிகம் நின்றவள், அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கி, "ஆமென் ஆண்டவரே! ஆமென்!" என்று அலறினாள்.

எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வடம் ஆடியது. பார்த்தால் ஏசாயா மேலே ஏறி வந்துகொண்டிருக்கிறான். வந்து, கையைத் தட்டிக்கொண்டு, "வச்சிட்டேண்ணே" என்றான்.

"எதைடா வச்ச?"

"நெருப்பை."

"உபதேசியார் எங்கடா?"

"கீழ ஜெபத்துல இருக்காக."

"அடப் பாவி! கூப்பிட வேண்டியதுதானடா!"

"ஜெபத்துல இருக்கிறவுகள நடுவுல கூப்பிடக் கூடாதுன்னு அவுகதான சொல்லிக் குடுத்தாக? அவுக ஜெபம் பண்ணையில வேட்டு அவுகள ஒண்ணும் செய்யாதுண்ணே" என்றான். சந்தேகம் ஒரு துளி இல்லை அவன் முகத்தில். அவனை அடிக்கவா, காலில் விழவா?

குனிந்து பார்த்தேன். அடியில் நீ வானத்தை நோக்கி முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி நிற்கிறாய். உன் காலுக்குக் கொஞ்ச தூரத்தில் திரி சீறிக்கொண்டு போகிறது. "மாப்ள! மேல வா! கூடையில உக்காரு!" என்று கத்தினேன். எல்லாரும் கத்தினார்கள். நீ என்ன செய்தாய்? கண்ணைத் திறக்காமலே, ஒரு கையைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினாய்! சபை மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்தாயோ என்னவோ, ஜெபத்தை இன்னும் சத்தமாகச் செய்தாய்!

என்ன கத்தினால் நீ கேட்பாய்? அப்போது என்னை அறியாமல் வாயில் வந்தது அதுதான்.

"ஏறியாச்சா மாப்ள? ஏறியாச்சா?"

நீ கண்ணைத் திறந்தாய். போர்டிங் சுவர் நினைவு வந்ததோ, என்ன வந்ததோ. திரியைப் பார்த்தாய். உன் ஆயுசில் நீ அவ்வளவு வேகமாக எதிலும் ஏறியதில்லை. கூடைக்குள் விழுந்து வடத்தைக் கட்டிப் பிடித்து, "இழுங்கடா!" என்றாய்.

முதலில் வடத்தில் கை வைத்தது யார் தெரியுமா? கங்காணி! தெருவையே கூட்டிக்கொண்டு போக வந்தவன், பீடியைத் துப்பிவிட்டுப் பாய்ந்து பிடித்தான். அவனுக்குப் பின்னால் ஏசாயா, மார்த்தாள், நான். தள்ளி நின்ற ஊர்க்காரர்களும் ஓடி வந்து பிடித்தார்கள். யார் தொட்ட கயிற்றை யார் தொடுவது என்று அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. "இழு! இழு! அம்புட்டுப் பேரும் இழு!" நீ ஆடி, பாறையில் இடித்து, சுற்றிச் சுற்றி மேலே வருகிறாய். உன் கனம் இருக்கிறதே, கூழ் குடித்தும் குறையாத கனம்! கை எட்டியதும் நான் வடத்தை விட்டுவிட்டு உன் கையைப் பிடித்தேன். விளிம்பில் உன்னை இழுத்துப் போட்டு, எல்லாரும் ஓடி, விழுந்து, மண்ணில் முகத்தைப் புதைத்தோம்.

வெடித்தது பார்! பூமி ஒரு தடவை தூக்கிப் போட்டது. கல் மழை. மார்த்தாளின் குடம் நொறுங்கியது. அப்புறம் சத்தமே இல்லை. காதுக்குள் வண்டு மட்டும்.

நீதான் முதலில் எழுந்தாய். நெற்றியில் ரத்தம், முகமெல்லாம் புழுதி. சுற்றிலும் பார்த்து, அரை மயக்கத்தில் கேட்டாய்: "எல்லாரும் ஏறியாச்சா?"

படுத்துக் கிடந்தவர்கள் அப்படியே, "ஏறியாச்சு!" என்றார்கள்.

"அப்ப ஆமென்" என்றாய்.

ஆமென் என்று தெருவே முழங்கியது. அதில் என் குரலும் இருந்தது மாப்ள. நான் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. நீ கேட்டாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏசாயாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இம்புட்டு வருசமா ஆமென் சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னைக்குத்தான் ஒருத்தன் அதை நம்பி நெருப்பு வச்சிருக்கான்" என்று சிரித்தாய். அப்படிச் சிரித்தாய்! நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். கங்காணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

புகை அடங்கக் காத்திருந்தோம். ஏசாயா விளிம்பில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, கீழ யாரோ பேசுறாக." எல்லாரும் படுத்துக் காதை வைத்தோம். கலகலவென்று, பெண்கள் கூடிப் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். நான் வாளியை இறக்கினேன். இரண்டு தரம் வடம் நழுவியது. வாளி மேலே வந்தபோது கனத்தது. கலங்கல், செம்மண் குழம்பு, ஆனால் தண்ணீர்!

முதல் தண்ணீரைக் கங்காணிக்குக் கொடுத்தாய். காத்திருந்தவருக்கு முதலில் என்றாய். அவன் குடித்துவிட்டு, "மலைத் தண்ணி மாதிரி வராது, கரிக்குது" என்றான். உண்மைதான், அந்தக் கிணறு இன்றைக்கும் லேசாகக் கரிக்கத்தான் செய்கிறது. ஒரே ஒரு குடும்பம் அவனோடு போனது. மற்றவர்கள் எங்கும் போகவில்லை.

நான் வேட்டு மேஸ்திரி. வெடிப்பு இருந்தது, மருந்து வைத்தேன், ஊற்று திறந்தது. அதற்கும் உன் ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எவனாவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் உன்னைக் கீழே விட்டுவிட்டு நெருப்பு முந்தியிருந்தால், தண்ணீர் வந்தும் நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன். இது மட்டும் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து உன் சபையில் ஜெபம் முடிந்ததும் யாரும் ஆமென்னுக்கு அவசரப்படுவதில்லை. நீ கண்ணைத் திறந்து எல்லாரையும் ஒரு தடவை பார்ப்பாய். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்பாய். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், வேலை போனவன் என்றால், புருஷனோடு சண்டை போட்டு வந்தவள் என்றால், "இல்லைய்யா, நான் இன்னும் கீழதான் கெடக்கேன்" என்று சொல்வார்கள். அவர்களுக்காக மறுபடியும் ஜெபம். அவர்கள் ஏறியாச்சு என்று சொன்ன பிறகுதான் ஆமென். ஒரு தப்பு எப்படி வழக்கமாகிப் போயிற்று பார்!

இந்த ஆவணியில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. நான் வந்து சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது, கையை மட்டும் பிடித்துக்கொண்டாய். அடக்கத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு புது உபதேசியார் வந்தார். நல்ல மனிதர், வழக்கம் தெரியாதவர். குழி முன்னால் ஜெபத்தை முடித்தார். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அவர் திகைத்துப்போய் எங்களைப் பார்க்கிறார். நாங்கள் தலையைக் குனிந்து நிற்கிறோம். யார் கேட்பது? கேட்கிறவன் பெட்டிக்குள் இருக்கிறான்.

கடைசியில் மார்த்தாள் கேட்டாள். அன்றைக்கு அலறினவள், இப்போது குரலே எழும்பாமல், "எல்லாரும் ஏறியாச்சா?" என்றாள்.

ஏசாயா வாயைத் திறந்தான், முடியாமல் துண்டால் பொத்திக்கொண்டான். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் குழியைப் பார்த்தேன். நாற்காலியில் ஏறப் பயந்தவன், சுவரில் ஏற என் கையைக் கேட்டவன், எங்கள் எல்லாருக்கும் முந்தி ஏறிவிட்டான் என்று நினைத்தேன். "ஏறியாச்சு" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அதன் பிறகு ஆமெனும் சொன்னேன்.

இப்போது வெளியே பிள்ளைகள் மறுபடியும் வெடிக்கிறார்கள். வாசனை வீடெல்லாம் வருகிறது. நான் இன்னும் கீழேதான் நிற்கிறேன் மாப்ள. திரியில் நெருப்பு எப்போது வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, பயமும் இல்லை. என் முறை வரும்போது மேலிருந்து நீ நச்சரிப்பாய், நான் வாரேன் வாரேன் என்பேன், நீ கையைக் கொடுப்பாய். அதுவரைக்கும் உன் நீள ஜெபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொண்டு இரு. நான் ஏறி வருகிறவரைக்கும் ஆமென் மட்டும் சொல்லிவிடாதே.